பாலத்து ஏற்றமும் புகைச் சான்றிதழும்

வெளியூர்க்காரர்களுக்கு நோணாங்குப்பம் என்றால் சுண்ணாம்பாறு படகுக் குழாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டுப் படகேறிப் போய் வருவார்கள். எங்களைப் போன்ற உள்ளூர்க் கிழவர்களுக்கு நோணாங்குப்பம் என்றால் கடலூர் சாலையும் ஆற்றுப் பாலமும்தான். பணி ஓய்வு பெற்ற நாங்கள் நான்கைந்து பேர் மாலையில் பாலம் வரை நடந்து திரும்புவது வழக்கம். கடலூரிலிருந்து வரும் பஸ்கள் பாலத்துக்கு ஏறும்போது டிரைவர் கியரைக் குறைத்து மிதிப்பார். அப்போது சில பஸ்களின் பின்னால் கருமேகம் போல ஒன்று எழும்பும். நாங்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்போம். அந்த பஸ்ஸின் கண்ணாடியிலும் செல்லுபடியாகும் புகைச் சான்றிதழ் இருக்கும் என்பது நிச்சயம்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணம். எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒரு சம்பவம்.

என்னிடம் 1996-இல் வாங்கிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். அதன் பதிவுக் காலம் இந்த ஆண்டோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் முதலில் புகைச் சான்றிதழ் வேண்டும். எதிர்வீட்டுத் தம்பியும் தன் காருக்குச் சான்றிதழ் எடுக்கப் புறப்பட்டார். அது 2018-ஆம் வருடத்துக் கார். இரண்டு பேரும் ஒன்றாகவே போனோம்.

என் ஸ்கூட்டர் சைலன்சரில் குழாயைச் செருகினார்கள். கார்பன் மோனாக்சைடு 3.1 சதவீதம், ஹைட்ரோகார்பன் 5,200 பி.பி.எம். என்று திரையில் வந்தது. "பாஸ் சார்" என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டார் பையன். அடுத்து தம்பியின் கார். கார்பன் மோனாக்சைடு 0.41 சதவீதம், ஹைட்ரோகார்பன் 150. "ஃபெயில். சென்சாரைப் பார்த்துட்டு வாங்க" என்றார்.

"என்னா சார் இது அநியாயம்? உங்க வண்டி பின்னால வந்தவன் கண்ணெரிஞ்சு வந்தேன். அது பாஸு, என் காரு ஃபெயிலா?" என்று தம்பி கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தியவன் நான். அவர் கேட்டது சரியான கேள்வி என்று எனக்குத் தெரியும்.

சட்டம் கேட்பது என்ன?

1989-இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. அதில் 115-ஆம் விதி புகையைப் பற்றியது. பெட்ரோல் வண்டி நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு காருக்கு 3 சதவீதத்தையும், இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 4.5 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. டீசல் வண்டிக்குப் புகையின் கருமையை அளப்பார்கள். 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை போகலாம். பதிவாகி ஒரு வருடம் கழிந்த வண்டி ஒவ்வொன்றும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெட்ரோல் வண்டியில் அன்று அளந்தது கார்பன் மோனாக்சைடு ஒன்றை மட்டும்தான். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியை, அதாவது ஹைட்ரோகார்பனை, அளக்கத் தொடங்கியது 2004 அக்டோபரில். நைட்ரஜன் ஆக்சைடை இந்தச் சோதனையில் இன்றுவரை அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளையும் எடை போடுவதில்லை.

2004-இல் விதியைத் திருத்தியபோது வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பார்த்து அளவைப் பிரித்தார்கள். 2000 மார்ச் 31-க்கு முன் செய்த இரண்டு சக்கர வண்டிக்கு 4.5 சதவீதமும் 9,000 பி.பி.எம். ஹைட்ரோகார்பனும் அனுமதி. அதற்குப் பின் வந்த இரண்டு ஸ்ட்ரோக்குக்கு 3.5 சதவீதமும் 6,000-மும். நான்கு ஸ்ட்ரோக்குக்கு 3.5 சதவீதமும் 4,500-மும். கார்களில் பழையவற்றுக்கு 3 சதவீதமும் 1,500-மும். பாரத் ஸ்டேஜ் இரண்டு முதல் 0.5 சதவீதமும் 750-மும். பாரத் ஸ்டேஜ் நான்கு கார் என்றால் 0.3 சதவீதமும் 200-மும்தான்.

ஆகவே 0.41 காட்டிய தம்பியின் கார் தோற்றது. 3.1 காட்டிய என் ஸ்கூட்டர் ஜெயித்தது. இது சதவீதக் கணக்குதான், எடைக் கணக்கு அல்ல. கார் எஞ்சின் பெரிது, வெளிவிடும் காற்றும் அதிகம். அதனால் கார்பன் மோனாக்சைடில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனால் ஹைட்ரோகார்பனைப் பாருங்கள்: 5,200 எங்கே, 150 எங்கே! எந்தக் கணக்குப் போட்டாலும் என் ஸ்கூட்டர்தான் குற்றவாளி.

அப்படியானால் சட்டம் தவறா? அப்படியும் சொல்ல முடியாது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாமல், கார்புரேட்டரோடு பிறந்த எஞ்சினிடம் போய் 0.3 சதவீதம் கேட்டால் அது எங்கே போகும்? எண்பது வயதுக்காரரை நூறு மீட்டர் ஓட்டத்தில் இருபது வயதுப் பையனோடு ஓடச் சொல்வது போல ஆகிவிடும். இங்கிலாந்திலும் இதே கதைதான். 1986 வரை வந்த கார்களுக்கு 4.5 சதவீதம், 1992 வரை வந்தவற்றுக்கு 3.5 சதவீதம். 1975-க்கு முந்தைய கார்களுக்குப் புகையைக் கண்ணால் பார்த்தாலே போதும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1975-ஆம் வருட மாடலும் அதற்கு முந்தையவையுமான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையே கிடையாது.

சான்றிதழ் சொல்வது, "இந்த வண்டி தன் பிறந்த ஆண்டின் சட்டத்துக்கு உட்பட்டு ஓடுகிறது" என்பதைத்தான். "இந்த வண்டி சுத்தமானது" என்று அது எங்கேயும் சொல்லவில்லை. நாம்தான் அப்படிப் படித்துக்கொள்கிறோம்.

நான் சொல்லிக்கொடுத்த வித்தை

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவது அல்ல.

கார்புரேட்டரில் ஐடில் மிக்ஸர் ஸ்க்ரூ என்று ஒன்று உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கார்பன் மோனாக்சைடு மளமளவென்று இறங்கும். சோதனைக்குப் போகும் முன் அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு, சான்றிதழ் வாங்கியதும் பழையபடி வைத்துவிட்டால் முடிந்தது. ஐடிலில் மட்டும்தானே அளக்கிறார்கள்! சாலையில் ஆக்சிலேட்டரை முறுக்கியதும் பெட்ரோல் வேறு வழியாகப் போகும். அங்கே என்ன வருகிறது என்று பார்க்க ஆள் இல்லை.

டீசலிலும் வித்தை உண்டு. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை ஒரே மூச்சில் கடைசி வரை மிதித்து, பம்ப் அனுமதிக்கும் முழு வேகத்துக்கு எஞ்சினைக் கொண்டுபோக வேண்டும். சிலமுறை அப்படிச் செய்து சராசரி எடுக்க வேண்டும். மிதிக்கிறவர் முக்கால்வாசியில் காலை நிறுத்திக்கொண்டால் புகை வெளுத்துவிடும்.

இந்த வித்தைகளை நான் பாடத்திட்டத்தில் நடத்தவில்லை. ஆனால் பையன்கள் கேட்டால் சொல்லியிருக்கிறேன். தெருவில் யார் கேட்டாலும் ஸ்க்ரூ டிரைவரோடு போய் நின்றிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஆட்டோ ஓட்டிய ஒருவர் இருந்தார். பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஆட்டோ. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அரியாங்குப்பம் போவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, "வாத்தியாரே, கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்று வந்து நிற்பார். நான் பார்த்துக் கொடுப்பேன். பாஸாகும். டீ வாங்கிக் கொடுப்பார்.

அந்த வண்டிக்கு உண்மையில் வேண்டியிருந்தது பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் ரீபோரும். அதற்கு அவரிடம் பணம் இல்லை. ஸ்க்ரூவைத் திருப்பக் காசு வேண்டாம். அவருடைய சின்ன மகளுக்கு வீசிங் இருந்தது. தினமும் காலையில் அந்த ஆட்டோவை வாசலில் உதைத்துக் கிளப்புவார், நீலப்புகை வீட்டுக்குள் போகும். அதனால்தான் பிள்ளைக்கு மூச்சிரைப்பு வந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் புகைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான். அது இன்றும் மனதில் நிற்கிறது.

நீலப்புகைக் காலம்

பாண்டியில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மூக்கு நீண்ட மூன்று சக்கர டெம்போவை மறந்திருக்க மாட்டார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து விடால் கம்பெனி வடிவமைத்த வண்டி அது. 1958-இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ அதை இந்தியாவில் செய்தது. முன்னால் எஞ்சின், பின்னால் எதிரெதிர் பலகை. முழங்காலோடு முழங்கால் இடிக்க ஏறி உட்கார்ந்து கடைத்தெருவுக்குப் போவோம். இறங்கும்போது சட்டையில் எண்ணெய் வாடை ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் ஆட்டோ, சேத்தக், லாம்ப்ரெட்டா, லூனா, டி.வி.எஸ். 50. பாகூர் பக்கத்துக் காய்கறியும் கீரையும் டி.வி.எஸ். 50-இல் மூட்டையாகக் கட்டித்தான் மார்க்கெட்டுக்கு வந்தன. நம் ஊரின் சின்ன வியாபாரமே இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் மேல்தான் ஓடியது.

இந்த எஞ்சினின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. எரிந்த புகை வெளியே போகும் வழியும் புது பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். வருவதில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். 15 முதல் 40 சதவீதம் வரை இப்படி வீணாகும் என்று உலக வங்கியின் ஆய்வு சொன்னது. நாம் வாங்கும் பெட்ரோலில் ஒரு பங்கைத் தெருவில் ஊற்றிக்கொண்டே போவதற்குச் சமம். மேலும் எஞ்சின் தேயாமல் இருக்க பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். "ஆயில் அதிகம் ஊத்தினா எஞ்சின் நிக்கும்" என்ற நம்பிக்கையில் எட்டு, பத்து என்று ஊற்றுவார்கள். அதுவும் சில்லறையில் வாங்கிய மலிவு ஆயில். நீலப்புகை அங்கிருந்துதான் வந்தது.

2004 வரை சோதனையில் ஹைட்ரோகார்பனை அளக்காததால் இந்தப் பெரிய குறை எதுவும் சான்றிதழில் தெரியவில்லை.

சோதனையில் தெரியாத இன்னொரு விஷமும் இருந்தது. அது பெட்ரோலில் கலந்த ஈயம். எந்த வண்டியின் சான்றிதழிலும் ஈயத்துக்குக் கட்டம் கிடையாது. 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கட்டாயமாக்கினார்கள். ஈயம் பட்டால் அது கெட்டுவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் நின்றது. அன்றைக்கு எந்தப் பழைய வண்டியையும் யாரும் உடைக்கவில்லை, எந்த ஸ்க்ரூவையும் திருப்பவில்லை. பங்க்கில் ஊற்றும் எண்ணெய் மாறியது, லட்சக்கணக்கான கிழட்டு வண்டிகளின் புகையிலிருந்து ஈயம் ஒரேயடியாகப் போனது. டீசலிலும் அப்படியே. பாரத் ஸ்டேஜ் மூன்று காலத்தில் 350 பி.பி.எம். கந்தகம் இருந்தது. 2017-இல் நான்காம் ஸ்டேஜ் நாடு முழுவதும் வந்தபோது 50 ஆனது. 2020 ஏப்ரலில் ஆறாம் ஸ்டேஜ் வந்தபோது 10 ஆனது. என் அனுபவத்தில் பழைய வண்டிகளுக்கு நடந்த பெரிய நன்மை இதுதான். சான்றிதழை விட இது செய்தது அதிகம்.

வயதைப் பார்த்து வெட்டிய கதை

சோதனையை நம்ப முடியவில்லை என்றபோது நீதிமன்றங்கள் வயதைப் பிடித்துக்கொண்டன. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு ஓர் உத்தரவு போட்டது. 1990-க்கு முந்தைய ஆட்டோ, டாக்சிகளை மாற்ற வேண்டும், பஸ்கள் எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்றது. கொல்கத்தாவில் 15 ஆண்டு கடந்த வணிக வாகனங்களை விலக்கச் சொல்லி 2008 ஜூலையில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு இரண்டு ஸ்ட்ரோக் ஆட்டோக்களும் அங்கே ஓய்ந்தன.

பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். டெல்லியில் 15 ஆண்டு கடந்த வண்டி ஓடக்கூடாது என்று 2014 நவம்பரிலும், டீசலுக்கு 10 ஆண்டுதான் என்று 2015 ஏப்ரலிலும் உத்தரவு வந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 ஜூலை முதல் தேதி முதல் வயதான வண்டிக்குப் பங்க்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்று டெல்லியில் தொடங்கினார்கள். சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயது ஒன்றை மட்டும் வைத்து உரிமையாளர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் நான்கும் அதற்குப் பிந்தையதுமான வண்டிகளுக்கு மட்டும் என்று திருத்தியது. அதாவது எத்தனை வயது என்ற கேள்வி, எந்தத் தலைமுறை எஞ்சின் என்ற கேள்வியாக மாறியிருக்கிறது. மெக்கானிக் என்ற முறையில் நான் இதைச் சரி என்பேன். 2016-இல் வாங்கிய ஸ்டேஜ் மூன்று லாரியும் அதே ஆண்டில் வாங்கிய ஸ்டேஜ் நான்கு காரும் ஒரே வயதுதான். புகையில் ஒன்று அல்ல.

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்ட குடும்பங்கள் நம்மில் பல. என் பெரியப்பா வழி அண்ணன் ஒருவர் பாரீசுக்கு வெளியே இருக்கிறார். அங்கே 1992 முதல் கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு. அது போதாது என்று 2016-இல் கிரிட்டேர் என்று ஓர் ஒட்டுவில்லை கொண்டுவந்தார்கள். வண்டி எந்தத் தலைமுறை, பெட்ரோலா டீசலா என்று பார்த்து நிறம் கொடுப்பார்கள். 1997-க்கு முன் பதிவான காருக்கு வில்லையே கிடையாது. அண்ணன் போனில் அங்கலாய்த்தார்: "தம்பி, என் காரை நான் பிள்ளை மாதிரி வச்சிருக்கேன். பரிசோதனையில ஒரு குறையும் சொல்லலை. ஆனா ஊருக்குள்ள போகக்கூடாதுங்கறான்." ஏழைகளைத்தான் இது அடிக்கிறது என்று அங்கேயும் எதிர்ப்பு கிளம்பியது. 2025 மே மாதம் பிரெஞ்சு நாடாளுமன்றக் கீழவை அந்தத் தடைப் பகுதிகளையே எடுத்துவிட வாக்களித்தது.

நம் நாட்டில் கட்டணத்தின் வழியாகவும் நெருக்குகிறார்கள். 15 வருடம் கடந்த இரண்டு சக்கர வண்டியைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. காருக்கு 600 போய் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் கடந்தால் பைக்குக்கு 2,000, காருக்கு 10,000 என்று ஆக்கினார்கள்.

புதுசெல்லாம் சுத்தமா?

வயதை மட்டும் குறை சொல்கிறவர்கள் 2015 செப்டம்பர் 18-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வோக்ஸ்வாகன் கம்பெனியின் மோசடியை வெளியிட்டது. புத்தம்புது டீசல் கார்கள். தன்னைச் சோதனை செய்கிறார்கள் என்பதைக் காரின் கணினியே கண்டுபிடித்து, சோதனை நேரத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும். சாலைக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை. உலகம் முழுவதும் 1.1 கோடி வண்டிகள். இந்தியாவிலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாகக் கம்பெனி அறிவித்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, நான் அரைச் சுற்றுத் திருப்பிய ஸ்க்ரூதான். நான் கையால் செய்ததை அவர்கள் கணினியில் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் உண்மையை எப்படி அளப்பது? பதில் எங்கள் பாலத்திலேயே இருக்கிறது. எஞ்சின் சுமை இழுக்கும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும். அமெரிக்காவில் டென்வர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டொனால்ட் ஸ்டெட்மன் 1980-களின் பிற்பகுதியில் ஒரு கருவி செய்தார். சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அகச்சிவப்பு ஒளிக்கதிரை அனுப்புவார்கள். வண்டி கடந்துபோகும் அரை விநாடியில் அதன் புகையை அளந்துவிடும். வண்டியை நிறுத்த வேண்டாம், டிரைவருக்குத் தெரியவும் தெரியாது. இதற்கு எப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள் தெரியுமா? லேசான ஏற்றம் உள்ள சாலையை! எஞ்சின் அங்கேதான் சுமையோடு ஓடும்.

அவர் கண்டது இரண்டு விஷயம். சாலையில் போகும் வண்டிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவை கார்பன் மோனாக்சைடில் ஏறக்குறையப் பாதியை வெளியிடுகின்றன. இன்னொன்று, நன்றாகப் பராமரித்த பழைய கார், மோசமாக வைத்திருக்கும் புதுக் காரை விடக் குறைவாகவே புகை விடுகிறது.

அதே முறையில் டெல்லி, குருகிராம் சாலைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அளந்து, 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். ஸ்டேஜ் ஆறு கார்களில் நைட்ரஜன் ஆக்சைடு, ஸ்டேஜ் நான்கு கார்களை விட 81 சதவீதம் குறைந்திருந்தது. புதுத் தலைமுறை எஞ்சின் உண்மையிலேயே நல்லது என்பதற்கு இது சாட்சி. ஆனால் சுத்தமானவை என்று நாம் நம்பிய எரிவாயு வண்டிகளில் சில, ஆய்வகத்து வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தன. சான்றிதழும் வயதும் சொல்லாத செய்தி இது.

இன்னொரு கணக்கையும் மறக்கக்கூடாது. மொத்தப் புகை என்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதை எத்தனை கிலோமீட்டர் என்பதால் பெருக்கி வருவது. வாரம் பத்து கிலோமீட்டர் ஓடும் என் ஸ்கூட்டரும், ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் ஆட்டோவும் ஒரே வகை எஞ்சினாக இருந்தாலும் ஊருக்குச் செய்யும் கெடுதல் ஒன்றாகாது. அந்த ஆட்டோவில்தான் முதலில் கை வைக்க வேண்டும். ஆனால் அதைத் தண்டித்தால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். ஆகவே அபராதத்தோடு கடனும் மானியமும் சேர்ந்து வர வேண்டும். என் நண்பர் அந்த ஆட்டோக்காரர் கடைசியில் கடன் வாங்கி நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறினார். மாறிய முதல் மாதம் வந்து, "வாத்தியாரே, பெட்ரோலே பாதிதான் குடிக்குது. இத்தனை வருஷம் நான் கொளுத்தினது காசையா?" என்றார். அவர் மகளுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. நன்றாக இருக்கிறாள்.

கடைசியாக

தம்பியின் காருக்கு சென்சார் மாற்றினார்கள். மறுநாள் பாஸானது. புதுக் காலத்துச் சோதனை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. சின்னக் கோளாறைச் சீக்கிரம் காட்டிக் கொடுத்தது. என் ஸ்கூட்டரின் சோதனைதான் எதையும் காட்டவில்லை.

வண்டியைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. என் மனைவிக்கு அந்த ஸ்கூட்டர் மேல் ஒரு பாசம். மகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றது, அவள் தன் அம்மாவைப் பார்க்க பாகூர் போனது எல்லாம் அதில்தான். "சான்றிதழ்தான் இருக்கே, ரெண்டாயிரம்தானே, கட்டிடுங்க" என்றாள். நான் அவளை வாசலில் நிறுத்தி, வண்டியை உதைத்துக் கிளப்பி, ஒரு நிமிடம் ஓடவிட்டேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "வேணாம், குடுத்துடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இந்த வாரம் பதிவை ரத்து செய்யக் கொடுக்கப் போகிறேன். உங்களையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வேறு வழி இல்லாதவர்கள். ஆனால் சான்றிதழ் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி பிடித்திருந்தால் எங்கோ கோளாறு. இரண்டு ஸ்ட்ரோக் என்றால் ஆயில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். மெக்கானிக் ஸ்க்ரூவை மட்டும் திருப்பிவிட்டு "பாஸாகிடும்" என்று சொன்னால், "ரிங்கைப் பாருப்பா" என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பிவிட்டு அதன் பின்னால் போய் நின்று பாருங்கள். நம் வண்டியின் புகையை நாம் மட்டும்தான் பார்ப்பதே இல்லை, பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள்.

நேற்று மாலையும் பாலத்துக்கு நடந்து போனோம். புது பஸ் ஒன்று ஏறிப் போனது, புகையே தெரியவில்லை. அதன் பின்னால் பழைய மினி லாரி ஒன்று கரும்புகையோடு வந்தது. நண்பர் வழக்கம்போல் துண்டை எடுத்தார். "இதுக்கும் சர்டிபிகேட் இருக்குமா வாத்தியாரே?" என்றார். "இருக்கும்" என்றேன்.